சரயேவோவுக்குப் பிறகு ஒரு மாதம் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் முதல் உலகப் போருக்கான காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஏகாதிபத்தியம், ராணுவவாதம், தேசியவாதம், கூட்டணிகள், கடைசியில் சரயேவோ கொலை, அதாவது 1914-ல் போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டது. திடீரென்று, “அந்த இளவரசரின் கார் டிரைவர் வழி மாறிக் கொலையாளி முன்னால் போய் நிற்காமல் இருந்திருந்தால் போரே வந்திருக்காதாப்பா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்திருந்த நண்பர், “எப்படியும் வந்திருக்கும்மா” என்றார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

நண்பரின் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. எப்படியும் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லையே! பாடப்புத்தகக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் 1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோதும், 1911-ல் மொராக்கோவுக்காக ஜெர்மனியும் பிரான்ஸும் முறைத்துக்கொண்டபோதும், 1912-13 பால்கன் போர்களின்போதும் அவை அப்படியேதான் இருந்தன. வல்லரசுகள் மோதிக்கொள்ளவில்லை. கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு ஒப்பந்தம் போட்டிருந்த இத்தாலி 1914-ல் நடுநிலை என்று ஒதுங்கியது. அடுத்த வருடம் எதிரணியிலேயே போய்ச் சேர்ந்தது.

உங்கள் மகள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. கொல்லப்பட்ட பட்டத்து இளவரசர் ஃப்ரன்ஸ் ஃபெர்டினாண்ட், செர்பியாவோடு போர் கூடாது என்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் சொல்லிவந்தவர். செர்பியாவை அடித்தே தீரவேண்டும் என்று வருடக்கணக்காக நச்சரித்த படைத்தலைவர் கான்ராடுக்கு அவர் ஒரு முட்டுக்கட்டை. ஜூன் 28-ல் அது விலகியது. கார் சரியான தெருவில் போயிருந்தால் அந்த ஜூலை வேறு மாதிரி கழிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக டிரைவர்மேல் பழி போட முடியாது. ஜூலை 5 அன்று, என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியத் தூதரிடம் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் வாக்குக் கொடுத்தார். அப்படியும், கொலைக்குச் செர்பியாவைக் குற்றம்சாட்டி வியன்னா அந்நாட்டுக்குக் கெடு விதித்தது ஜூலை 23-ல்தான். ஆஸ்திரியாவோடு ஒரே பேரரசாக இருந்த ஹங்கேரியின் பிரதமர் டிசாவைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. சிப்பாய்கள் அறுவடை விடுப்பில் போயிருந்தார்கள். ரஷ்யாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே கப்பலேறட்டும் என்றும் காத்திருந்தார்கள். ஆத்திரத்தில் கை ஓங்கியவன் இத்தனை கணக்குப் பார்ப்பானா?

பத்துக் கோரிக்கைகள், 48 மணி நேரம். ஜூலை 25 மாலை ஆறு மணிக்குள் செர்பியப் பிரதமர் பாசிச் பதிலைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் அதற்குள் மூட்டை முடிச்சோடு தயாராக இருந்தார். பதிலை ஒரு பார்வை பார்த்தார், உறவு முறிந்தது என்று கடிதம் அனுப்பினார், ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிட்டார். பெரும்பாலான கோரிக்கைகளை முழுதாகவோ மழுப்பியோ ஏற்றுக்கொண்ட பதில் அது. எங்கள் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கெடுக்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நார்வேப் பக்கம் உல்லாசக் கப்பலில் போய்த் திரும்பிய கெய்சரே 28-ஆம் தேதி அதைப் படித்துவிட்டு, இனிப் போருக்கே காரணமில்லை என்று குறிப்பெழுதினார். ஆனால் அவருடைய சான்சலர் (பிரதமர்) பெத்மான் அந்தக் கருத்தை வியன்னாவுக்குத் தாமதமாக, நீர்த்துப்போகச் செய்துதான் அனுப்பினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தியில் போரை அறிவித்துவிட்டது.

செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவும் அவசரப்பட்டது. முழுப்படை திரட்டும் ஆணையை 29-ஆம் தேதி இரவு ரஷ்யப் பேரரசர் ஜார் நிறுத்திவைத்தார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் பேசிப் பேசி அவரைக் கரைத்தார். ஜார் திரும்பவும் மனம் மாறிக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று, ஆணை கிடைத்ததும் தன் டெலிபோனையே உடைத்துவிடுவதாகத் தலைமைத் தளபதி யனுஷ்கேவிச் சொல்லிவைத்திருந்தார்!

மிச்சம் மளமளவென்று நடந்தது. ரஷ்யா தயாராகும் முன் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸை முடிப்பதுதான் ஜெர்மனியின் திட்டம். 1839 ஒப்பந்தப்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்குப் பொறுப்பேற்றிருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4-ல் இறங்கியது.

‘யாரும் விரும்பவில்லை, எல்லாரும் சேர்ந்து வழுக்கி விழுந்தார்கள்’ என்று சொல்வது இப்போது ஒரு மோஸ்தர். பெரிய பங்கு வியன்னாவுக்கும் பெர்லினுக்கும்தான், அடுத்தது ரஷ்யாவின் அன்றைய தலைநகர் பீட்டர்ஸ்பர்க் என்பது என் கணக்கு. செர்பியாவும் அப்பாவி அல்ல. சரயேவோவில் வெடித்த துப்பாக்கி வந்த வழியைப் பிடித்துப் போனால், அது அந்நாட்டு ராணுவ உளவுத்துறைத் தலைவர் டிமித்ரியேவிச்சின் ரகசியக் குழுவில் போய் நிற்கிறது.