தீக்குச்சி பற்றாத ஊர்

கேள்வி: தேவகோட்டையில் படிக்கும் கல்லூரி மாணவி நான். உலகத்தில் ஆக்சிஜன் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோவதாக இளைஞர் நாவல் ஒன்று எழுதுகிறேன். பதினேழு வயது நாயகியும் அவள் அப்பத்தாவும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டை அடைத்துக்கொண்டு, தொட்டிச் செடிகளை வைத்துப் பிழைக்கிறார்கள். படித்த தோழிகள், "நம்பவே முடியல, வெளிநாட்டு நகரமா மாத்திடு" என்கிறார்கள். மாற்றவா?

பதில்: மாற்றாதீர்கள். ஊரில் கோளாறு இல்லை, 'தீர்ந்துபோவதில்'தான் கோளாறு. சுத்தமாகத் தீர்ந்தால் சில நிமிடத்தில் எல்லோரும் காலி. முதல் அத்தியாயத்தோடு நாவலும் காலி. அளவை மட்டும் குறையுங்கள். இப்போது காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அதை 14 ஆக்கிப் பாருங்கள்.

மூச்சைப் பொறுத்தவரை அது லடாக்கின் லே நகரத்துக்குப் போனமாதிரிதான். தலை வலிக்கும், ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இளைக்கும், ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வார். வித்தியாசம் அடுப்பில்தான் தெரியும். லேயில் காற்றழுத்தம்தான் குறைவு, விகிதம் அதே 21; அதனால் அடுப்பு எரிகிறது. உங்கள் கதையில் விகிதமே விழுந்துவிட்டது. 16 சதவீதத்துக்குக் கீழே போனாலே விளக்கு அணைந்துவிடும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்த்தது இதற்காகத்தான். (நிஜத்தில் அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்; விஷவாயுவை விளக்கு காட்டிக்கொடுக்காது.) அப்பத்தா தீக்குச்சியை உரசுகிறார், மருந்து சீறுகிறது, குச்சி பற்றவில்லை. விருந்துக்குப் பேர்போன சீமையில் விறகடுப்பு எரியவில்லை. இங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம், பெரிய வீட்டை அடைப்பது நடக்காத காரியம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை காற்று ஓட வேண்டும் என்றே, நடுவில் வானம் பார்த்த வளவு (முற்றம்) வைத்துக் கட்டிய வீடு அது. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை வேண்டுமானால் அடைக்கலாம். அடைத்த அறையில் ஆளை முதலில் சாய்ப்பது நாம் விடும் கரியமில வாயு. புதிதாக நீற்றிய சுண்ணாம்பு அதை இழுத்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் பழைய சுண்ணாம்பு எப்போதோ இழுத்துக் கல்லாகிவிட்டது, அது உதவாது.

தொட்டிச் செடிகளை விட்டுவிடுங்கள். 1991-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் எட்டுப் பேர் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் அடைபட்டு வாழ்ந்து பார்த்தார்கள். உள்ளே வயல் இருந்தது, சின்னக் காடே இருந்தது. அப்படியும் ஆக்சிஜன் 14 சதவீத அளவுக்கு இறங்கி, 1993-ல் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைச் செடிகள் எடுக்குமுன் காங்கிரீட் குடித்துவிட்டது. காட்டுக்கே அந்தக் கதி. துளசி ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி எழுதிவிடாதீர்கள்.

பிறகு ஆக்சிஜனுக்கு எங்கே போவது? தண்ணீருக்குத்தான். மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் ஒரு லிட்டரிலிருந்து 600 லிட்டருக்கு மேல் கிடைக்கும்; ஒருவரின் ஒரு நாள் மூச்சுக்குக் கிட்டத்தட்டப் போதும். அதற்கு 5 யூனிட் மின்சாரமாவது ஆகும் என்பதுதான் இடிக்கும். ஆக, ஊருணி வறண்டாலும் சமாளிக்கலாம், மொட்டைமாடி சோலார் தகட்டுக்குத்தான் அடிதடி. மின்வேதியியலுக்கென்றே 1953-ல் திறந்த 'சிக்ரி' ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்க, நீங்கள் எதற்கு வெளிநாடு தேடுகிறீர்கள்?

14 சதவீதத்தை இளசுகள் தாங்கும். இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்கள் தாங்க மாட்டார்கள். அப்போது சிலிண்டர் யாருக்கு? செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. அந்தக் கணக்கையே ஆக்சிஜன் பங்குக்கும் வைத்துவிட்டால்? அப்பத்தாவுக்கு அரைப் பங்கு. கல்யாணமாகாத உங்கள் நாயகி கணக்கிலேயே வரமாட்டாள். அந்த அரைப் பங்கை முழுசாக்க அவள் என்னென்ன செய்கிறாள் என்பதுதான் நாவல். பங்கு பிரிக்கும் பெரியவரை மட்டும் வில்லனாக்கிவிடாதீர்கள். பைசா பிசகாமல் கணக்கு வைக்கும் நல்ல மனிதராகவே அவர் இருக்கட்டும்.