வயர் சுடுது, மோட்டார் திணறுது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கமுங்க. பவானிசாகர் பக்கம் மீன் புடிக்கிறவங்க நாங்க. ஃபைபர் போட்டுக்கு 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுற சக்தி இருக்கிற ட்ரோலிங் மோட்டார் (பேட்டரில ஓடற சின்ன போட் மோட்டார்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். பேட்டரி முன்னாடி, மோட்டார் பின்னாடி, நடுவுல நாலு மீட்டர் இருக்குமுங்க. வீட்டு வயரிங் பண்ற தம்பி 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்து 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டுக் குடுத்தாப்ல. ஃபுல் ஸ்பீடு வெச்சா கொஞ்ச நேரத்துல எம்சிபி விழுந்துருது, வயரும் சுடுது. 63 ஆம்ப்ஸ் எம்சிபி மாத்துனா சரியாயிரும்ங்கறாரு, மாத்தலாமுங்களா?

பதில்: ஐயோ, அதை மட்டும் பண்ணிராதீங்க! இப்ப எம்சிபி விழறதாலதான் வயர் உருகாம தப்பிச்சுட்டிருக்கு. இந்த சைஸ் மோட்டார் ஃபுல் ஸ்பீடுல 50 ஆம்ப்ஸ் வரைக்கும் இழுக்கும். போக நாலு வர நாலுன்னு எட்டு மீட்டர் வயர், 2.5 ஸ்கொயர்ல 50 ஆம்ப்ஸ் ஓடுச்சுன்னா வயர்லயே 2.8 வோல்ட் போயிரும், அப்புறம் மோட்டாருக்கு என்னத்த மிச்சம் இருக்கும்? நம்மூர்ல ஆழமான போர்ல மெல்லிசு கேபிள் இறக்குனா மோட்டார் திணறுமில்லீங்களா, அதே கதைதான், ஆனா 12 வோல்ட்டுல ஒவ்வொரு அரை வோல்ட்டும் பெருசு. 16 ஸ்கொயர் போட்டா இழப்பு அரை வோல்ட்டுக்குள்ள நின்னுக்கும், பேட்டரியவே பின்னாடி நகர்த்த முடிஞ்சா இன்னும் நல்லது (போட் பேலன்ஸ் பாத்துக்கோங்க).

வயர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கோங்க. ஃபுல் சார்ஜ் பேட்டரி சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட் பக்கம் காட்டும், அதை வெச்சு பேட்டரி நல்லாருக்குன்னு முடிவு பண்ணிராதீங்க. கரையோரமா போட்டைக் கயித்துல கட்டி வெச்சு, ப்ரொப்பல்லர் தண்ணிக்குள்ள இருக்க, ஃபுல் ஸ்பீடுல ஓடவிட்டு பேட்டரி முனையில ஒரு ரீடிங், மோட்டார்கிட்ட ஒரு ரீடிங் எடுங்க. பேட்டரிலயே 10-க்குக் கீழ விழுந்தா பேட்டரி போச்சு. அங்க 12 இருந்து மோட்டார்ல 9 காட்டுனா வயர், இல்லைன்னா ஏதோ ஜாயிண்ட்.

எந்த ஜாயிண்ட்டுன்னு புடிக்க ஓடறப்பவே மீட்டரோட ஒரு முனைய பேட்டரி போஸ்ட்லயும் (பேட்டரி மேல நிக்கிற முனை) இன்னொன்ன அதுல மாட்டியிருக்கிற லக்லயும் (வயர் நுனில இருக்கிற உலோக வளையம்) வைங்க, நல்ல ஜாயிண்ட்டுன்னா கிட்டத்தட்ட சைபர் காட்டணும், அரை வோல்ட் காட்டுச்சுன்னா அந்த எடத்துலதான் வம்பு. இப்படியே ஒவ்வொண்ணா பாத்துட்டே போங்க. பெரும்பாலும் பச்சைக் களிம்பு புடிச்ச லக்கோ, முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட்டோ மாட்டும். தண்ணில போற வண்டிக்கு டேப்பு ஜாயிண்ட் ஆகவே ஆகாதுங்க, நல்லா கிரிம்ப் பண்ணி (லக்க வயர் மேல அழுத்தி இறுக்கி), உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி ஒட்டிக்கிற குழாய்) போட்டு மூடுங்க.

வயர் மாத்துனதுக்கப்புறம் டிசிக்குன்னே வர்ற 60 ஆம்ப்ஸ் பிரேக்கர் வாங்கி பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே போடுங்க. வீட்டு எம்சிபி ஏசிக்குச் செஞ்சது, டிசில வர்ற பொறிய அணைக்கும்னு நம்ப முடியாது. அப்புறம் ப்ரொப்பல்லர கழட்டி பின்னாடி தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க, நரம்பு இறுகிக்கிட்டா மோட்டார் தேவைக்கு மேல ஆம்ப்ஸ் இழுக்கும். கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிருங்க, மறக்காம!

கேள்வி: மேட்டூர்லருந்துங்க. அஞ்சு ஸ்பீடு ட்ரோலிங் மோட்டார், இப்ப அஞ்சுல மட்டும் ஓடுது, ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் சத்தமே இல்ல. மோட்டார் போச்சுங்களா?

பதில்: இல்லீங்க, அஞ்சுல ஓடுதுன்னா மோட்டாரும் பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. அஞ்சுல பேட்டரி நேரா மோட்டாருக்குப் போகும், மத்த ஸ்பீடுக்கெல்லாம் நடுவுல ஸ்பீடு காயில் (வேகத்தக் குறைக்கிற கம்பிச் சுருள்) வழியாப் போகும், அது போயிருக்கலாம், இல்லைன்னா ஸ்விட்ச்ல கோளாறு. மொதல்ல மேல் டப்பாவத் தொறந்து ஸ்விட்ச் வயர் எதாச்சும் கழண்டிருக்கா, கருகியிருக்கான்னு பாருங்க. காயில் கீழ மோட்டார் கூட்டுலயே இருக்கும், தண்ணிதான் அதுக்குக் கூலிங், அதனால கரையில வெச்சு ரொம்ப நேரம் ஓட்டிப் பாக்காதீங்க. கூட்டத் தொறந்தா சீல் புதுசாப் போட்டுத்தான் மூடணும், ரீவைண்டிங் கடைல குடுத்தா இதையும் சொல்லிருங்க.