பஸ்ஸில் கேட்க எதை எடுப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் மெஷின் டெக்னிஷன் வேலை. 12 மணி நேர ஷிப்ட், நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. கிளீன்ரூமுக்குள் போன் கிடையாது, லாக்கரில் போட்டுவிட வேண்டும். கம்பெனி பஸ் தோட்டம் தோட்டமாகச் சுற்றி ஆள் ஏற்றுவதால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி ஆகிறது. அந்த நேரத்தில் பாட்காஸ்ட் கேட்கலாமே என்று வேலையிடத்து இஞ்சினியர்களிடம் விசாரித்தேன். ஆளுக்கு இரண்டு பெயர் சொன்னார்கள். 31 நிகழ்ச்சி சேர்ந்துவிட்டது, பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். அதில் ‘செக்யூரிட்டி நவ்’ எப்படி? ஒரு இஞ்சினியர் வேகத்தை 1.5-க்கு ஏற்றிக் கேட்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் சப்ஸ்கிரைப் செய்தேன், போன் நிரம்பிவிட்டது. ஆங்கிலம் பாதிதான் பிடிபடுகிறது. செம்பனைக்காட்டு ரோட்டில் லைனும் விட்டுவிட்டு வருகிறது. எம்பெடட் (கருவிக்குள் இருக்கும் சிறு கணினிக்கு நிரல் எழுதுவது) பக்கம் போக வேண்டும் என்று ஆசை. மச்சான் திருவிழா மைக்செட், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள். எதைக் கேட்பது, எதை விடுவது?

– பெயர் வேண்டாம், பாடாங் செராய்

தம்பி, வணக்கம்.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிடுவோம். நான்குக்கு நான்கு என்றால் சராசரியாக வாரத்துக்கு மூன்றரை ஷிப்ட். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் என்றால் வாரத்துக்கு ஐந்தேகால் மணி. இதில் வேலை முடிந்து திரும்பும் பாதியை இப்போதே கழித்துவிடுங்கள். 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் தலையில் புது விஷயம் ஏறாது. அந்த நேரத்தில் பாட்டுக் கேளுங்கள், தூங்குங்கள். ஆக உங்கள் கையில் இருப்பது வாரத்துக்கு இரண்டரை மணியைச் சற்றுத் தாண்டும். அதில் மூன்று நிகழ்ச்சி அடங்கும். 31 அடங்காது.

உங்கள் இஞ்சினியர்கள் தப்பாக எதையும் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் மட்டமான நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் மேசையில் இருந்துகொண்டு சொல்கிறார்கள், நீங்கள் பஸ்ஸில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். காதை மட்டும் வைத்துக்கொண்டு விளங்கிக்கொள்ளக் கூடியதா என்பதுதான் நான் போடும் ஒரே சல்லடை. நிரல் வரிகளைப் பற்றிப் பேசுவது விளங்காது, கண் வேண்டும். ஒரு கோளாறு எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், இரண்டு வழியில் ஒன்றை ஏன் தேர்ந்தார்கள் என்பவை காதுக்கே போதும். இந்தச் சல்லடையில் ‘சின்டாக்ஸ்’ நிகழ்ச்சி விழுந்துவிடுகிறது. அதை நடத்தும் வெஸ் பாஸும் ஸ்காட் டொலின்ஸ்கியும் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவனுக்குத்தான் அது பேச்சு, மற்றவனுக்கு இரைச்சல். உங்கள் பட்டியலில் பைதான் பற்றி இருப்பவற்றையும் இதே காரணத்துக்காக எடுத்து வையுங்கள்.

தொடங்க வேண்டியது ‘டார்க்நெட் டயரீஸ்’. ஜாக் ரைசைடர் 2017 முதல் நடத்துவது. தகவல் திருட்டு, ஊடுருவல் பற்றிய உண்மைக் கதைகள். எழுதி வைத்துச் சொல்வதால் பேச்சு நிதானமாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் முழு எழுத்து வடிவம் அவருடைய தளத்திலேயே கிடைக்கும். முதல் பகுதியிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். 29-ஆவது பகுதி, ஸ்டக்ஸ்நெட், அதை முதலில் எடுங்கள். மெஷின் பக்கம் வேலை செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. ஈரானின் நத்தான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுத்த வைரஸ் அது, வெளியே தெரிய வந்தது 2010-இல். இணையத்தோடு தொடர்பே இல்லாத இடத்துக்குள் யூஎஸ்பி வழியாகப் போகும்படி செய்திருந்தார்கள். உள்ளே போய் சீமென்ஸ் பிஎல்சியை, அதாவது மெஷினை இயக்கும் சிறு கணினியைத் தேடும். அது கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர்களின் (மோட்டார் வேகத்தை நிர்ணயிப்பவை) அதிர்வெண்ணை 1,064 ஹெர்ட்ஸிலிருந்து 1,410-க்கு ஏற்றும், பிறகு ஒரேயடியாக 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். இதெல்லாம் நடக்கும்போது ஆபரேட்டர் திரையில் முன்பே பதிந்து வைத்த நல்ல அளவுகள் ஓடிக்கொண்டிருக்கும். எச்எம்ஐயில், அதாவது அந்த ஆபரேட்டர் திரையில் எல்லாம் பச்சை, மெஷினில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வருகிறதே என்று நின்று பார்த்த டெக்னிஷனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 54-ஆவது பகுதி, நாட்பெட்யா. உக்ரைனில் வரிக்கணக்குப் போடும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக 2017 ஜூனில் பரவிய வைரஸ் அது. மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் டொமைன் கண்ட்ரோலர்கள், அதாவது யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள், ஒன்றைத் தவிர எல்லாம் அழிந்தன. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது, அதை வைத்துத்தான் மீண்டார்கள். இந்த இரண்டையும் கேட்ட பிறகு, வெளியாள் மெஷின் மாட்ட வந்து லேப்டாப்பைச் சொருகும்போது ஐடி பிரிவு ஏன் குறுக்கே நிற்கிறது என்று எரிச்சல் வராது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சியில் புது மெஷின் ஒன்றுக்கு மென்பொருள் ஏற்றியபோது வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வானாக்ரை என்ற வைரஸின் ஒரு வகை உள்ளே பரவி, சிப் ஆலைகள் சில நாள் நின்றன. உங்கள் துறையிலேயே நடந்தது இது.

இரண்டாவது, உங்கள் ஆசைக்கு நேரானது, ‘எம்பெடட்’. எலீசியா வைட்டும் கிறிஸ்டோபர் வைட்டும் 2013 முதல் நடத்துகிறார்கள். இதில் ஒரு சிக்கல்: தலைப்பைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. பேச்சின் நடுவில் வந்த ஏதாவது ஒரு வேடிக்கை வாக்கியத்தையே தலைப்பாக வைத்துவிடுவார்கள். அதனால் குறிப்பைத் திறந்து படித்து, இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை), பூட்லோடர் (தொடக்கத்தில் மென்பொருளை ஏற்றும் நிரல்), டீபக்கிங் (பிழை தேடுவது), வேலைக்கான நேர்முகம் போன்ற சொற்கள் வரும் பகுதிகளை மட்டும் எடுங்கள். எலீசியா எழுதிய எம்பெடட் நூலின் இரண்டாம் பதிப்பு 2024-இல் வந்தது. பாட்காஸ்டில் பிடிபடாத சொல்லை அதில் தேடிப் பிடிக்கலாம். இவர்கள் இயல்பாகப் பேசிக்கொள்கிறார்கள், குறுக்கே சிரிக்கிறார்கள், வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார்கள். அதனால் முதல் மாதமே இதில் இறங்காதீர்கள், டார்க்நெட் டயரீஸில் காது பழகட்டும்.

நடுவில் ஒரு படி வேண்டுமானால் ரெட் ஹேட் கம்பெனி வெளியிட்ட ‘கமாண்ட் லைன் ஹீரோஸ்’ இருக்கிறது. சரோன் யித்பரேக் சொல்வது, ஒரு பகுதி பெரும்பாலும் அரை மணிக்குள், எழுத்து வடிவமும் உண்டு. மூன்றாம் சீசன் நிரல் மொழிகள், நான்காவது வன்பொருள். நான்காவதை எடுங்கள். ஆங்கில உச்சரிப்பே தடை என்று நினைத்தால் பிஎஃப்எம் 89.9 வானொலியின் நேர்காணல்கள் பாட்காஸ்டாக வருகின்றன. நம் ஊர் உச்சரிப்பு, காதுக்கு அந்நியமாக இருக்காது.

மூன்றாவது ‘2.5 அட்மின்ஸ்’. சர்வர், பேக்கப், ஸ்டோரேஜ் பற்றிய வாராந்தர நிகழ்ச்சி, அரை மணி அளவு. கடைசியில் கேட்பவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார்கள், அதுதான் இதில் சாரம். ஆனால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை மீது இவர்களுக்கு அளவுக்கு மீறிய பாசம். எந்தக் கேள்வி கேட்டாலும் அங்கே கொண்டுபோய் விடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘செக்யூரிட்டி நவ்’ பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஸ்டீவ் கிப்சன் 2005 முதல் வாராவாரம் செய்கிறார். 999-ஆவது பகுதியுடன் நிறுத்திவிடுவதாகச் சொல்லிவந்தவர் மனம் மாறி ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு பகுதி இரண்டு மணி நேரத்தையும் தாண்டும், உங்கள் பஸ்ஸுக்கு அடங்காது. ஆனாலும் டேட்டா இல்லாதவருக்கு அவர் செய்த உபகாரம் பெரிது. தன் தளத்தில் எழுத்து வடிவத்தோடு 16 கேபிபிஎஸ் (விநாடிக்கு 16 கிலோபிட்) ஒலிக்கோப்பும் வைக்கிறார். மணிக்கு 7 எம்பிதான். ஒலி பழைய டெலிபோன் போல இருக்கும், சொல் தெளிவாக விழும்.

கோப்பின் அளவை இப்படிப் போடுங்கள்: 128 கேபிபிஎஸ் எம்பி3 மணிக்கு சுமார் 58 எம்பி, 64 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி. 31 நிகழ்ச்சியும் வாரம் ஒரு மணி என்று வைத்தால் வாரத்துக்கு 1.8 ஜிபி. போன் நிரம்பாமல் என்ன செய்யும்?

ஆண்ட்ராய்டில் ‘ஆன்டெனாபாட்’ என்ற பாட்காஸ்ட் செயலியைப் போடுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்க வேண்டாம். பழைய செயலியிலிருந்து பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துவிட்டு, மூன்றைத் தவிர மற்றதை நீக்குங்கள். பிறகு வேண்டுமானால் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தானாக இறக்கும் வசதியை வீட்டு வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள், கேட்டு முடித்ததும் அழிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்றால், இறக்கி வைக்கும் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, அது நிரம்பியதும் தானாக இறக்குவது சத்தமில்லாமல் நின்றுவிடும். ‘செயலி கெட்டுப்போச்சு’ என்று பலர் சொல்வது இதைத்தான். இன்னொரு காரணம், சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். பேட்டரி அமைப்புக்குள் போய் ஆன்டெனாபாடுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள். இறக்கி வைத்ததைக் கேட்பதால் செம்பனைக்காட்டில் லைன் போனாலும் கவலை இல்லை.

வேகத்தை 1.5-க்கு ஏற்றுங்கள் என்று உங்கள் இஞ்சினியர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம், எம்பெடடுக்கு 0.85 வைத்துப் பாருங்கள். மௌனத்தைத் தாண்டிப் போகும் வசதியையும் அணைத்து வையுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வரும் அந்த அரை விநாடியில்தான் இரண்டாம் மொழியில் கேட்பவன் முந்தைய வாக்கியத்தைப் பிடிக்கிறான். தூக்க டைமர் போடுவதாக இருந்தால் ‘அசைத்தால் மீண்டும் தொடங்கு’ என்பதை அணைத்துவிடுங்கள். நேரம் முடியும் தறுவாயில் பஸ் ஒரு குழியில் இறங்கினால் போதும், டைமர் முதலிலிருந்து ஓடும். நீங்கள் தூங்கிப்போய் மூன்று பகுதி தாண்டியிருக்கும்.

புரியாத இடத்துக்கு ஒரு வழி: பஸ் ஏறுமுன் அந்தப் பகுதியின் குறிப்பை இரண்டு நிமிடம் படியுங்கள். கேட்கும்போது புரியாத இடம் வந்தால் நிறுத்தாதீர்கள், பின்னுக்கும் போகாதீர்கள், நிமிடத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். ஓய்வு நாளில் எழுத்து வடிவத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் படியுங்கள். நிமிடக் கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும். பல நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை இறக்கும் நேரத்தில்தான் சேர்க்கிறார்கள், ஆளுக்கு ஆள் அதன் நீளம் மாறும். அதனால் நிமிடத்தைவிட அங்கே காதில் விழுந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துத் தேடுவது சுலபம்.

இயர்போன் விஷயம். ரப்பர் முனை காதுக்குள் அடைக்கும் வகையை வாங்குங்கள். பஸ் எஞ்சின் சத்தம் உள்ளே வராவிட்டால் ஒலியை ஏற்றத் தேவை வராது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி, 80 டெசிபெல். பஸ்ஸில் திறந்த வகை இயர்போன் மாட்டினால் அந்த ஒலியளவைத் தாண்டாமல் ஒரு சொல் கேட்காது. ஒரு காதில் மட்டும் மாட்டுபவராக இருந்தால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஒலியைப் போடுங்கள். சில நிகழ்ச்சிகளில் ஒருவர் குரலை இடப்பக்கமும் மற்றவர் குரலை வலப்பக்கமும் ஒதுக்கியிருப்பார்கள், மோனோ இல்லாவிட்டால் கேள்வி கேட்கும், பதில் கேட்காது.

மச்சானுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பதைக் காதால் கற்க முடியாது. சர்க்யூட் படம், மல்டிமீட்டர் முனை எங்கே வைக்கிறார் என்பது, எரிந்த ரெசிஸ்டரின் நிறம், எல்லாமே கண் வேலை. அவருக்கு ஆஸ்திரேலியாவின் டேவ் ஜோன்ஸ் நடத்தும் ‘ஈஈவி பிளாக்’ காணொளிகளைக் காட்டுங்கள். அதே டேவ் ஜோன்ஸ் கிறிஸ் கேமலுடன் 2010-இல் தொடங்கியதுதான் ‘தி ஆம்ப் அவர்’. பட்டறையில் கை வேலையில் இருக்கும்போது பின்னணியில் ஓடவிட ஏற்றது. பெயரைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம், பொதுவாக எலக்ட்ரானிக்ஸ் தொழில் பற்றியது. ‘நேர்காணல்’ என்று தலைப்பில் தொடங்கும் பகுதிகளை எடுக்கச் சொல்லுங்கள். மற்றவற்றில் அரட்டை கொஞ்சம் நீளும். ‘ஹேக்கடே பாட்காஸ்ட்’ அவருக்கு வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் படத்தைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அதில் வரும் ‘இது என்ன சத்தம்’ என்ற புதிரில் அவர் உங்களைத் தோற்கடித்துவிடுவார், அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.