சொந்தக் கோடு எங்கிருந்து வரும்? ஓர் ஓவிய ஆசிரியரின் கேள்வி பதில்

பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். படைப்பாற்றல், தனித்தன்மை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. யூடியூபைப் பார்த்து அப்படியே வரைகிறாள். சொந்தமாக வரையச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். இது சரியா சார்?

தடுக்காதீர்கள் அம்மா. பார்த்து வரைந்துதான் கை பழகும். கூடவே ஒன்று செய்யுங்கள். போனை எடுத்து வைத்துவிட்டு, அடுப்படியில் இருக்கும் குடத்தை வரையச் சொல்லுங்கள். வீடியோவில் எந்தக் கோடு முதலில் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். குடத்தின் முன்னால் உட்கார்ந்தால் அவளே முடிவு செய்தாக வேண்டும். வாயிலிருந்து தொடங்குவதா, வயிற்றிலிருந்தா? நசுங்கிய பக்கத்தைக் காட்டுவதா, மறைப்பதா? அவளுக்கென்று ஒரு பார்வை அமைவது இங்கேதான். கோணலாக வந்தால் ரப்பரைக் கையில் எடுக்காதீர்கள்.

போட்டோ பார்த்து உருவப்படம் வரைந்து கொடுத்துப் பிழைக்கிறேன். கல்யாண ஆர்டர்கள்தான் அதிகம். எனக்குள் இருந்த கலைஞன் போய்விட்டானோ என்று பயமாக இருக்கிறது.

ஆர்டர் எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்களுக்கும் இதே கவலை இருந்தது. நவீன ஓவியம் வாங்க இங்கே ஆள் இல்லை. படிப்பு முடிந்து வேறு வேலைக்குப் போனால் வரைவதே நின்றுபோகும் நிலை. அப்போது கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஒரு சங்கம் அமைத்து, கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். முக்கியமாக பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் மயிரிழை மயிரிழையாக இறங்கும். அந்த வருமானத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள்.

வயிற்றுப்பாட்டைத் துணி பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியத்தை யாருடைய ருசிக்கும் வளைக்கத் தேவை இருக்கவில்லை. அங்கே இருந்த கே. ராமானுஜத்தைப் பாருங்கள். பேசிப் பழகுவதே அவருக்குச் சிரமம். பேனாவும் மையுமாக இல்லாத ஊர்களை, மாளிகைகளை, விநோத விலங்குகளை நெருக்க நெருக்கமாக வரைந்தார். நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே நிற்பார். அப்படி ஒரு படத்தை யார் ஆர்டர் கொடுத்து வரைய வைக்க முடியும்? அவர் அவராகவே இருக்க ஓர் இடம் கிடைத்தது, அதனால் அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்தன. தனித்தன்மை வளர இடமும் சாப்பாடும் பக்கத்தில் நாலு நண்பர்களும் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஆர்டரை விடாதீர்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை மட்டும் யாருக்கும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரைவதை உடனே இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம். லைக் எண்ணத் தொடங்கினால் அதுவும் ஆர்டர் ஆகிவிடும்.

எனக்கு 28 வயது. இன்னும் எனக்கென்று ஒரு பாணி அமையவில்லை.

பணிக்கர் பிறந்தது 1911இல். எழுத்துகளும் கணக்குக் குறிகளும் ஜாதகக் கட்டங்களும் கலந்த, இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற ஓவிய வரிசையை 1963 வாக்கில்தான் தொடங்கினார். அதற்கு முன் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் அருமையாக வரைந்து பெயர் வாங்கியவர். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓவியர் ஆதிமூலமும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் ஊறியவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி வரிசையில் சில கோடுகளிலேயே காந்தி நடக்கிற நடை தெரியும். சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து எழுதித் தந்தார். பிறகு வண்ணத்துக்கு, உருவமே இல்லாத நிலக்காட்சிகளுக்குப் போனார். பாணியைத் தேடி அலையாதீர்கள். உங்களை விடாமல் இழுக்கிற ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப வரையுங்கள், அது போதும்.

நாலு வார்த்தை தட்டினால் ஏஐ படம் போட்டுத் தருகிறது. இனி எதற்குக் கையால் வரைய வேண்டும்?

ஏற்கெனவே மனிதர்கள் போட்டுவைத்த ஏராளமான படங்களிலிருந்து கற்றுக்கொண்டுதான் அது வரைகிறது. 'தமிழ்நாட்டுக் கிராமம்' என்று கேட்டால் பலரும் எதிர்பார்க்கிற கிராமம் வரும். உங்கள் தெருமுனை டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிற அந்த ஒற்றை பெஞ்சு நீங்கள் சொன்னால்தான் வரும். சொல்வதற்கு அதை நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். வரைகிற பழக்கம் இருப்பவருக்கு அது கண்ணில் படும். மற்றபடி கருவியைப் பயன்படுத்துங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை.

பிளஸ் டூ படிக்கிறேன். ஓவியம் படிக்க ஆசை. எங்கே படிக்கலாம்?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது தம்பி. மேலே சொன்ன பணிக்கர் முதல்வராக இருந்தது இந்தச் சென்னைக் கல்லூரியில்தான். 1850இல் தொடங்கியது. அப்பாவோடு நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இந்த ஓவியங்களை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சோழமண்டலத்திலேயே 2009இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குப் பிடித்த படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் அவசரப்படுத்தாதீர்கள்.