தம்பி எடுத்த ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு தலைமுறையாக லுத்தரன் சபை. தம்பி 12 வருடங்களுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். குழந்தையில் தனக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை என்று அப்பாவிடமே சொன்னான். அப்பா நொறுங்கிப்போனார். அவருடைய அடக்கத்தன்று தம்பி ஜெபிக்க எழுந்தபோது, ஊர் முன்னால் அவனை வெளியே போகச் சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. இப்போது மகளின் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறான். என் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமல் அவனோடு ஒப்புரவாக வழி உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. லுத்தரன் சபையே அந்த வழியில் போயிருக்கிறது.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு ஐந்நூறு வயது. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று 16ஆம் நூற்றாண்டில் சொன்னவர்கள் அனபாப்டிஸ்டுகள். 1527 ஜனவரியில் சூரிக்கில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கைகளைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தார்கள். அது லுத்தரன் அல்லாத இன்னொரு சபைச் சீர்திருத்தவாதியான ஸ்விங்லியின் நகரம். ஆனால் லுத்தரன்களின் கையும் சுத்தமில்லை. லுத்தரன்களின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை அனபாப்டிஸ்டுகளைப் பெயர் சொல்லிக் கண்டனம் செய்தது. அவர்களுக்கு மரண தண்டனை தகும் என்று லூத்தரின் சக ஊழியர் மெலாங்தன் எழுதியதை லூத்தரும் ஏற்றார்.

1980இல் அந்த அறிக்கையின் 450ஆம் ஆண்டு விழாவுக்கு அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட்டுகளையும் அழைத்தார்கள். எங்களைக் கண்டித்த அறிக்கையை நாங்களே எப்படிக் கொண்டாடுவது என்று அவர்கள் கேட்டபோதுதான் பல லுத்தரன்களுக்கு விஷயமே உறைத்தது. பிறகு முப்பது வருடம் ஆனது. 2010 ஜூலை 22 அன்று ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனத்தின் பிரதிநிதிகள், முழங்காலிட்டும் எழுந்து நின்றும், கடவுளிடமும் மெனோனைட்டுகளிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். மெனோனைட்டுகளின் தலைவராக வந்திருந்த ஜிம்பாப்வே பிஷப் டனிசா என்ட்லோவு, தங்களுக்கும் மன்னிப்பு தேவை என்றார். கால் கழுவும் மரத்தொட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

அன்று யாரும் ஞானஸ்நானத்தைப் பற்றிய தங்கள் விசுவாசத்தை மாற்றிக்கொள்ளவில்லை. லுத்தரன்கள் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர்களும் மெனோனைட்டுகளும் கத்தோலிக்கர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது 2012 முதல்தான். மன்னிப்பு முந்தியது, விவாதம் பிந்தியது. உங்கள் கடிதத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

உங்களுக்கும் தம்பிக்கும் நடுவே இருப்பது ஞானஸ்நானம் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிவது அப்பாவின் பெட்டி பக்கத்தில் ஜெபிக்க எழுந்து நின்ற ஒரு மகன். அவன் அப்பாவிடம் பேசிய விதம் தவறு. அதை அவன் சொல்ல வேண்டும், சொல்லாமலும் போகலாம். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அன்று உன்னை வெளியே அனுப்பியது தப்பு." அதோடு "நீ மட்டும் என்ன" என்று சேர்த்துவிடாதீர்கள். அவன் ஜெபிக்கலாமா என்று கேட்டால், கூட உட்காருங்கள்.

கல்யாணத்தன்று போனால் பேச நேரம் இருக்காது. முந்தின வாரமே போய்விடுங்கள்.