ஆளில்லாத லே-அவுட்டில் ஒரு மனை: என்ன விலை சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் சவூதியில் பணிபுரிகிறார். 2011ஆம் ஆண்டு, தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு லே-அவுட்டில், தலா ஐந்தரை சென்ட் அளவில் இரண்டு மனைகளை அவர் பெயரில் வாங்கினோம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' உள்ள இடம் என்று சொல்லி விற்றார்கள். இன்றுவரை அங்கே இரண்டு வீடுகள்தாம் எழுந்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. மகளின் மேற்படிப்புக்காக விற்க நினைக்கிறோம். ஒரு புரோக்கர் மனைக்கு நான்கு லட்சம் போகும் என்கிறார். ஆனால் இதுவரை ஒருவரையும் அழைத்து வரவில்லை. இன்னொருவர் ஒன்றரை லட்சத்துக்கு உடனே முடித்துத் தருகிறேன் என்கிறார். சரியான விலையை எப்படி அறிவது? (வாசகி, கீழக்கரை)

பதில்: சகோதரிக்கு வணக்கம். நான்கு லட்சம் என்பது ஆள் வராத விலை. ஒன்றரை லட்சம் என்பது அவசரத்தின் விலை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்வையிடலாம். நம்மில் பெரும்பாலோர் நம் சொத்தின் மேல் கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். தங்கள் லே-அவுட் அமைந்துள்ள சர்வே எண்கள் அனைத்துக்கும் கடந்த ஐந்தாண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். எந்த மனை எந்தத் தேதியில் கிரயமானது, கைமாற்றுத் தொகை எவ்வளவு, சந்தை மதிப்பு எவ்வளவு என்பன அதில் வரிசையாக இருக்கும். அடமானம், தானம், குடும்பத்துக்குள் நடந்த விடுதலை (தம் பங்கை விட்டுக்கொடுத்தல்) ஆகிய பதிவுகளைத் தள்ளிவிட்டு, உண்மையான கிரயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைமாற்றுத் தொகையும், பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் ஒன்றாகவே இருந்தால் அந்தத் தொகையை அப்படியே நம்ப முடியாது; அப்போது விற்றவரையோ வாங்கியவரையோ தேடிச் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தொகையைக் காட்டிலும் முக்கியமானது எண்ணிக்கை. ஐந்தாண்டுகளில் மூன்று மனைகள்தாம் கைமாறின என்றால், நான்கு லட்சம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இல்லை.

காலி மனை வாடகை தராது, விளைச்சலும் தராது. அதில் வீடு கட்டிக் குடியேற நினைக்கும் ஒருவர், தம் இடையூறுகளுக்கெல்லாம் கழித்துக்கொண்டு எவ்வளவு தருவாரோ அதுவே அதன் விலை. ஆகவே அவருடைய கண்ணால் தங்கள் மனையைப் பார்க்க வேண்டும்.

அவர் முதலில் கேட்பது அங்கீகாரத்தைத்தான். மனைப்பிரிவுக்குத் தாமாக அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி இருந்தால்தான் அது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் மாவட்டம் முழுவதும் விற்கப்பட்ட மனைகள் இந்த வகையில் அங்கீகாரமற்றவையே. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பின்னர், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் வீட்டு மனையாகவே பதிவான இடத்தை மறுபடியும் கிரயம் செய்யச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. தங்கள் 2011ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். 'மனை எண்' என்று நான்கு எல்லைகளோடு எழுதியிருந்தால் கிரயத்துக்குத் தடையிருக்காது. 'புஞ்சை' என்று மட்டும் எழுதியிருந்தால் சார்பதிவாளர் மறுக்கக்கூடும். அட்வான்ஸ் வாங்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கிரயம் பதிவாவது வேறு, வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறு. 2017ஆம் ஆண்டின் வரன்முறைப்படுத்தும் விதிகளின்படி முதலில் லே-அவுட் முழுமைக்குமான வரைவமைப்புக்கு (மொத்த வரைபடத்துக்கு) ஒப்புதல் பெற்று, பிறகு தனி மனைக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை ஆணை வாங்க வேண்டும். நீர்நிலை, புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றில் போடப்பட்ட மனைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் பகுதியில் கண்மாய்க் கால்வாய்களும் கோயில் நிலங்களும் ஊடும் பாவுமாகக் கிடப்பதால் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். வரன்முறை ஆணையோடு வரும் மனைக்கும் அது இல்லாத மனைக்கும் உள்ள விலை வேறுபாடு, அதற்குச் செலவாகும் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். படிப்புக்கான பணம் உடனே தேவைப்படவில்லை என்றால், விற்பனைக்கு முன் இதை முடித்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது தண்ணீர். இராமநாதபுரம் கடற்கரையில் மனையின் மதிப்பை இதைப்போல் மாற்றுவது வேறொன்றுமில்லை. சில நூறு அடி தள்ளினாலே ஊற்று நல்லதண்ணீரிலிருந்து உப்பாகிவிடுகிறது. அங்கே வீடு கட்டியிருக்கும் இரு குடும்பங்களையும் சந்தியுங்கள்: எத்தனை அடியில் தண்ணீர், குடிக்க முடிகிறதா, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறதா, மழைக்காலத்தில் பாதையில் நீர் நிற்கிறதா, மின்கம்பம் எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். சுற்றுச்சுவரும் வளைவுமாக நுழைவாயில் கட்டி விற்ற லே-அவுட்டுகளைவிட, ஊரணிக்கு அருகே நல்லதண்ணீர் ஊறும் எளிய மனைகள் விரைவில் விலைபோவதற்குக் காரணம் இதுதான்.

கடலிலிருந்து உள்ள தூரமும் விலையைத் தீர்மானிக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து) 500 மீட்டர் வரை நீள்கிறது. கிராமப்புறக் கடற்கரையில், மக்கள் அடர்த்தி மிக அதிகமான ஊர்களைத் தவிர, முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. அதற்கு அப்பாலும் 500 மீட்டருக்குள் வீடு கட்டுவது, அங்கேயே வழிவழியாக வாழ்பவர்களின் உரிமையைச் சார்ந்தே அனுமதிக்கப்படுகிறது. உப்பங்கழிகளுக்குத் தனி எல்லை உண்டு. 'கடல் தெரியும் மனை' என்பது விளம்பரத்தில் விலையைக் கூட்டும். வெளியூர்க்காரர் வீடு கட்ட முடியாத மனை என்றால் அதே சொல் விலையைக் குறைக்கும்.

பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதையும், இராமேசுவரத்தில் விமான நிலையம் அமையும் என்று அதே ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்ததையும் சொல்லி விலையை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றால் தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு லே-அவுட்டில் குடியேற ஆள் வந்திருக்கிறார்களா என்பதற்கு வில்லங்கச் சான்றே விடை சொல்லும்.

விற்பதற்கு முன், மனைகள் தங்கள் கணவர் பெயரில் தனிப் பட்டாவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். லே-அவுட் போட்டவர் பெயரிலேயே கூட்டுப்பட்டாவாகக் கிடந்தால் உட்பிரிவு செய்ய மனுச் செய்யுங்கள். சர்வேயரைக் கொண்டு அளந்து கல் ஊன்றி, கருவேலை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். எல்லை தெரியாத புதரைக் காட்டி நல்ல விலை கேட்க முடியாது. பிறகு முதலில் போக வேண்டியது பக்கத்து மனைக்காரரிடம். ஐந்தரை சென்ட்டைப் பதினொன்றாக்க விரும்பும் அவரைவிடப் பொருத்தமான வாங்குநர் அரிது. இரண்டு மனைகளும் சேர்ந்திருந்தால் தனித்தனியாகவும் ஒன்றாகவும் விலை சொல்லுங்கள்.

'உடனே முடித்துத் தருகிறேன்' என்பவர் விஷயத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அக்ரிமென்ட் யார் பெயரில் என்று கேளுங்கள். தம் பெயரில் போட்டுக்கொண்டு, பவர் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தங்களிடம் ஒன்றரைக்கு எடுத்து வேறொருவருக்கு இரண்டரைக்குத் தள்ளும் வழி அது. தங்கள் கணவர் தங்களுக்கு மட்டுமே பவர் தரட்டும். அதை இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டுச் சான்று பெற்று அனுப்பினால், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தி முறைப்படுத்த வேண்டும். கிரய நாளில் அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் தேவைப்படும். வருமான வரிச் சட்டப்படி அவர் வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்பட்டால், விற்பனைத் தொகை சிறியதாக இருந்தாலும் வாங்குபவர் வரி பிடித்தம் செய்ய வேண்டும். ஐம்பது லட்சம் என்ற வரம்பு உள்நாட்டில் வசிப்பவர் விற்கும்போதுதான். கூடுதலாகப் பிடிக்காமல் இருக்க, குறைந்த விகிதச் சான்றுக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

வாங்குபவருக்கு முத்திரைத்தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 சதவீதம் செலவாகும். பெண் பெயரில் வாங்கினால், சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்கும்போது, பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. பேரத்தின்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தந்தை 2013இல் முறையான அங்கீகாரத்தோடு ஒரு லே-அவுட் போட்டார். விற்றது போக 12 மனைகள் மிஞ்சியுள்ளன. அவர் காலமான பின் நாங்கள் மூவர் வாரிசுகள். கடைசியாக விற்ற மனை இரண்டு லட்சத்துக்குப் போனது. அண்ணன் எல்லா மனைகளையும் எடுத்துக்கொண்டு பணம் தருவதாகச் சொல்கிறார். 24 லட்சத்தை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு எட்டு லட்சம் என்று நானும் தங்கையும் கேட்கிறோம். மொத்தமே 16 லட்சம்தான் பெறும் என்கிறார் அவர். ஏமாற்றுகிறாரா? (வாசகர், தொண்டி)

பதில்: தங்கள் அண்ணன் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. ஒரு மனைக்கு இரண்டு லட்சம் கிடைத்தது என்பதால் பன்னிரண்டுக்கும் இன்றே 24 லட்சம் கிடைக்காது. மூட்டை உப்பை வாங்குபவர் படி விலை கொடுப்பதில்லை. பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு விட்டால் அந்த இரண்டு லட்சமும் நிற்காது. ஒவ்வொன்றாக விற்றால் ஆண்டுகள் ஆகும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு மனைகள் விற்பதாகக் கொண்டால் ஆறு ஆண்டுகள். ஆண்டு வரவு நான்கு லட்சம். புரோக்கர் கமிஷன் 2 சதவீதம் 8,000 ரூபாய். கருவேல் வெட்டவும் கல் ஊன்றவும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்தால், மிஞ்சுவது 3,72,000. ஆறாம் ஆண்டு வரும் பணம் இன்றைய பணத்துக்கு ஈடாகாது. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி வீதத்தில் கழித்துப் பார்த்தால் ஆறு ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 16 லட்சத்து 20 ஆயிரம். அண்ணன் சொல்லும் தொகை இதுதான்.

ஆனால் ஆண்டுக்கு இரண்டு என்ற வேகம் உண்மையா என்பதைத் தாங்கள் கேட்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு மனைகள் போனால் மூன்று ஆண்டுகளில் முடிந்து, இதே கணக்கில் மதிப்பு ஏறத்தாழ 19 லட்சமாகிறது. ஆகவே தங்கள் மூவருக்கும் இடையே உள்ள வழக்கு விலையைப் பற்றியதன்று, விற்கும் வேகத்தைப் பற்றியது. தந்தை கடைசி ஐந்தாண்டுகளில் எத்தனை மனை விற்றார் என்பதை வில்லங்கச் சான்றிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த சாலையையும் பூங்கா இடத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பணத்துக்குப் பதில் ஆளுக்கு நான்கு மனைகளாகப் பிரித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்; மதிப்பைப் பற்றிய வாதமே எழாது. மூலை மனை, கிழக்கு பார்த்த மனை, தெருக்குத்து உள்ள மனை, கோணலான கடைசி மனை ஆகியவை ஒரே விலைக்குப் போகாதவை. ஒவ்வொரு பங்கிலும் நல்லதும் சுமாரானதும் கலந்து வரும்படி வகுத்து, சீட்டுப் போட்டு எடுங்கள். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கடிதத்தில் தாயாரைப் பற்றிய குறிப்பு இல்லை; இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பமானால், தந்தையின் சுயசம்பாத்தியத்தில் தாயாருக்கும் சம பங்கு உண்டு.

கேள்வி: உச்சிப்புளி அருகே உள்ள என் மனைக்கு ஒருவர் ஆறு லட்சம் தர முன்வந்துள்ளார். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான மூன்று லட்சத்தைக் காட்டி, மீதியை ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா? (வாசகர், மண்டபம்)

பதில்: ஏற்கக் கூடாது. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான தொகை அபராதமாக விதிக்கப்படலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த மனையின் ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம்தான். உள்நாட்டில் வசிக்கும் தாங்கள் 2024 ஜூலை 23ஆம் தேதிக்கு முன் அதை வாங்கியிருந்தால், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி, ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்ற முறையிலும் கணக்கிட்டு, இரண்டில் வரி குறைவானதைத் தேர்ந்தெடுக்கலாம். விற்ற தொகையைக் குறித்த காலத்துக்குள் வீடு கட்டவோ வாங்கவோ பயன்படுத்தினால் வரிவிலக்கும் உண்டு. ஆறு லட்சத்தையும் பத்திரத்தில் எழுதி வங்கி வழியாகவே பெறுங்கள். தங்கள் மனைப்பிரிவில் அடுத்து விற்கப்போகும் அண்டை மனைக்காரருக்கும் அந்தப் பதிவு உண்மையான விலையைக் காட்டும்.