ஆற்றுச் சேற்றில் ஒரு கண்ணாடிப் பாசி: கேள்வி பதில்

மலேசியாவின் தெலுக் இந்தானில் தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் பேராக் ஆற்றங்கரைச் சேற்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். மேலே தங்கப் பழுப்பில் ஒரு படலம். பாதிப் பேர் எண்ணெய்க் கசிவு என்றார்கள். அது டயாட்டம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பள்ளி ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவன் நான், தெரிந்தவரை சொல்கிறேன்.

தோட்டத்துக் கடைக்கார அண்ணன்: பாசிதானே தம்பி, இதில் என்ன விசேஷம்?

பாசிதான் அண்ணே, ஆனால் கண்ணாடி வீட்டில் குடியிருக்கிற பாசி. ஒரே செல். ஓடு சிலிக்கா, டப்பாவும் மூடியும் மாதிரி இரண்டு பாதி. செல் இரண்டாகும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகச் செய்துகொள்ளும். சிலிக்கா இல்லையென்றால் பெருக்கம் நின்றுபோகும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் 20 விழுக்காடு இவற்றின் வேலை.

மணல் லாரி ஓட்டும் தம்பி: மணலே சிலிக்காதானே, ஆற்றில் அதற்கா பஞ்சம்?

மூட்டை நிறைய நெல் இருந்தாலும் சோறாகாமல் பசி தீருமா? மணல் லேசில் கரையாது. டயாட்டத்துக்கு வேண்டியது தண்ணீரில் கரைந்த சிலிக்கா. மலைப்பாறை மழையில் இற்றுப்போகும்போது அது வெளியே வருகிறது. உலக ஆறுகளின் சராசரி லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருக்கும்.

ஆற்றுக்கு வருமுன் செடிகளும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. லாலாங் புல் விரலைக் கீறுகிறதே, அந்த ஓரத்தில் இருப்பது இதே சரக்குதான். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற மூங்கிலுப்பும் மூங்கில் கணுவுக்குள் உறைந்த சிலிக்காவே.

ஊடாங் காலாவுக்கு (ஆற்றுப் பெரிய இறால்) தூண்டில் போடும் அண்ணன்: உப்பு ஏறாத இடத்திலும் தண்ணீர் ஏறி இறங்குகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. கடல் தள்ளுவதால் ஆறு பின்வாங்குகிறது, ஆனால் நன்னீர்தான். ஏற்றத்தில் அது கரையோர நாணல் காட்டுக்குள் புகுந்து, மிதந்துவந்த டயாட்டம் ஓடுகளைச் சேற்றில் விட்டுவிட்டுப் போகும். நாணல் சருகும் மட்கிச் சேரும். இந்தச் சிலிக்கா மணல் மாதிரி இல்லை, கரையும். வற்றும்போது சேற்றிலிருந்து கசிகிற நீர் அதைக் கரைத்து ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும்.

பெல்ஜியத்தின் ஷெல்ட் ஆற்றில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஏற்றம் கடலிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே, கெண்ட் நகர் மதகு வரை போகும். கோடையில் டயாட்டம் பெருகி ஆற்றுச் சிலிக்காவைத் தின்று தீர்க்கும் சமயத்தில்தான் நன்னீர்ச் சதுப்பிலிருந்து கசிவது கைகொடுக்கிறது. தோட்ட லயத்தில் கூட்டு (சீட்டு) கட்டுவோமே, அது போலத்தான்: மாதாமாதம் போட்டது, கை வறண்ட மாதத்தில் வருகிறது. கரையைச் சிமெண்டால் கட்டி நாணலை வழித்துவிட்டால் கூட்டு உடைந்த மாதிரி.

நம் ஆறு வேறு. இங்கே கோடை, குளிர் இல்லை. மழைக்குப் பின் பால் தேநீர் நிறத்தில் ஓடும். அந்தக் கலங்கலில் வெளிச்சம் இறங்காது, மிதக்கிற டயாட்டம் தழைக்காது. அதனால்தான் படலம் சேற்றின் மேல். வற்றினால் வெயிலுக்கு மேலே நகர்ந்து வரும், ஏற்றம் வருமுன் கீழே இறங்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்து மேலாளர் ஒருவர்: எங்கள் உரத்தையும் குற்றம் சொல்லப்போகிறீர்களா?

கொஞ்சம், ஐயா. டயாட்டத்துக்குச் சிலிக்காவும் நைட்ரஜனும் ஏறக்குறைய சமமாக வேண்டும்; 16 அணுவுக்கு 16 என்று கணக்கு. வாய்க்கால் வழியே வருகிற உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கிறது, சிலிக்கா இல்லை. தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தால் சிலிக்கா தேவைப்படாத பாசிகள் இடம் பிடிக்கும், அவற்றில் சில நஞ்சு. ஆனால் பழி உங்களுக்கு மட்டும் இல்லை. சாக்கடையும் அதையேதான் கொண்டுவருகிறது. அணையில் தேங்கும் தண்ணீரில் டயாட்டம் வளர்ந்து அடியில் படிந்து, சிலிக்காவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேராக் ஆற்றில் தெமெங்கோர் முதல் செண்டெரோ வரை வரிசையாக அணைகள்தான்.

நான்காம் படிவ மாணவி: சார், இதை நேரில் பார்க்க முடியுமா?

தாராளமாக, தங்கச்சி. வற்றும்போது படலத்தோடு இரண்டு கரண்டிச் சேறு, அப்பாவோடு போய் எடு. முதலை நடமாடுகிற ஆறு. சேற்றைத் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய டிஷ்யூத் தாள் ஒன்றை ஒட்டினாற்போல் போட்டு ஜன்னலோரம் வை. வெளிச்சத்தைத் தேடி அவை தாளுக்குள் ஏறிவிடும். மறுநாள் தாளின் ஓரத்தைக் கிள்ளி, ஒரு சொட்டு தண்ணீரில் உதறி, நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார். படகு மாதிரி சில முன்னும் பின்னும் வழுக்கிப் போகும். துடுப்பு எதுவும் இல்லை, பசை கக்கித்தான் நகர்கின்றன.